போ என்றும் நில் என்றும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலியும் அம்மாவின் இருமலும் இப்போது எப்படி இருக்கின்றன?

லாயத்தில் இன்று எனக்கு வயிறு எரிந்துவிட்டது. சவாரி கற்க வரும் வக்கீலம்மா, நான் பார்த்துக்கொள்ளும் சாம்பல் குதிரைமேல் ஏறினார். குதிகாலால் தட்டினால் போ, கடிவாளத்தை இழுத்தால் நில். குதிரைக்குத் தெரிந்த பாஷை அவ்வளவுதான். அந்த அம்மாவோ பயத்தில் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்! பாவம், அது நின்ற இடத்திலேயே நடுங்கியது.

"திமிர் பிடிச்ச குதிரை, ரெண்டு போடுங்க" என்று பிரம்பை நீட்டுகிறார் சவாரி வாத்தியார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!

நான் குறுக்கே போய் நின்றேன். "அடிக்காதீங்கம்மா. போன்னும் நில்லுன்னும் ஒண்ணா சொன்னா அது என்னதான் பண்ணும்? கையைத் தளர்த்துங்க."

தளர்த்தினார். குதிரை சமர்த்தாக நடந்தது. போகிற போக்கில் என் காலை மிதித்துவிட்டது. இரண்டு விரல்தான் வீக்கம், அம்மாவிடம் சொல்ல வேண்டாம். வாத்தியார் என்ன சொன்னார் தெரியுமா? "நீ சாணி அள்ற வேலையை மட்டும் பாரு."

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே தந்திருப்பது கனமானதுதான், ஆனால் தூக்கம் வரவில்லை.

தீனி வைக்க நேரமாகிவிட்டது. ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் கடிதத்தின் முதல் வரியில் "சீக்கிரம் வந்துவிடு" என்கிறீர்கள். கடைசி வரியில் "தங்கை படிப்பு முடியும்வரை அங்கேயே இரு" என்கிறீர்கள்.

நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், அப்பா.

உங்கள் மகன்