நூறு நாள் ரொட்டி

மடிக்கேரி
18 ஜனவரி 2025

அன்புள்ள நிர்மலா அக்காவுக்கு,

கனிமொழி எழுதுகிறேன். நீயும் மாதேஷ் மாமாவும் நலமா? பொங்கலுக்கு பேக்கரியில் கூட்டம் இருந்ததா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் அவரிடம் இருக்கிறது. உன்னோடு பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் "நல்லா இருக்கேன்க்கா" என்பதோடு முடித்துவிடுகிறேன்.

இன்று நாற்பத்தெட்டாவது நாள். நூறு நாள் கேரவனிலேயே வாழ்ந்து, தினமும் புது ரொட்டி சுட்டு வீடியோ போடலாம் என்று அவர் சொன்னபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மாமாவின் பேக்கரியில் கற்றதை ஊர் ஊராகச் செய்து பார்க்கலாமே என்று நினைத்தேன். சிரமம் இங்கே வந்த பிறகுதான் தெரிகிறது. ஒவ்வொரு ஊரிலும் தண்ணீர் வேறு, குளிர் வேறு. மலைப்பாதையில் வண்டி திரும்பும்போது உப்பி நின்ற மாவு பொசுக்கென்று அமுங்கிவிடுகிறது. அதனால் தூக்குவாளியை மடியில் வைத்து, போர்வை சுற்றி, குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வருகிறேன்.

அமுங்கினால் அவருக்கு ஆகாது. போன வாரம் மேல்தோல் மொறுமொறுவென்று சத்தம் தரவில்லை, மைக்கில் கேட்கவில்லை என்று இரண்டு ரொட்டியை சாக்கடையில் போட வைத்தார். "அடுத்தது சரியா வர்ற வரைக்கும் நீ சாப்பிடாத" என்றார். சரியாக வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. ஓவன் கதவைத் தன் கையாலேயே என் முழங்கை மேல் அழுத்திச் சாத்தினார். அதனால்தான் வீடியோவில் முழுக்கை ரவிக்கை.

மாமாவிடம் சொல்லாதே. இந்தப் பக்கமே இன்னும் பத்து நாள் சுற்றுவோம். மடிக்கேரி தலைமை அஞ்சலகம், 'கனிமொழி நேரில் வந்து வாங்கிக்கொள்வார்' என்று எழுதிப் போடு. பால் வாங்கப் போகும்போது வாங்கிக்கொள்கிறேன்.

உன் தங்கை,
கனி

*

பாப்பிரெட்டிப்பட்டி
23 ஜனவரி 2025

என் செல்லக் கனிக்கு,

அக்காவின் ஆயிரம் முத்தங்கள். கடிதம் பார்த்ததும் பதறிப்போனேன். பிறகு உன் புது வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதானே ரொட்டியைப் பிய்க்கிறாய்? மனசு சமாதானமானது.

கண்ணு, உலகத்தில் எந்தப் பெண்ணுக்கு இப்படி ஊர் சுற்றக் கிடைக்கிறது? நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒகேனக்கல் தாண்டிப் போனதில்லை. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கோபம் வரும், அவ்வளவுதான். உன் மாமாவும் ஒரு காலத்தில் தட்டைத் தூக்கி எறிந்தவர்தான். இப்போது மாறிவிடவில்லையா?

ஒரு நல்ல சேதி. 'என் மனைவி இங்கேதான் தொழில் கற்றாள்' என்று மாப்பிள்ளை வீடியோவில் நம் கடையைக் காட்டினாரே, அதிலிருந்து தருமபுரி, பென்னாகரத்திலிருந்தெல்லாம் வண்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். "கேரவன் ரொட்டி இருக்குதுங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். மாமா அந்தப் பெயரிலேயே பலகை எழுதிவிட்டார். பத்து வருஷமாக ஈ ஓட்டிய கடை, கனி.

புண்ணுக்கு மருந்து போடு. குளிரில் மாவை வெதுவெதுப்பான தண்ணீரில் பிசை. அனுசரித்துப் போ.

அன்பு அக்கா,
நிர்மலாதேவி

*

சிக்கமகளூர்
13 பிப்ரவரி 2025

அக்கா,

இதை முழுவதும் படி. நடுவில் வீடியோவைப் போட்டுப் பார்க்காதே.

எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. ஐம்பது நாள். அவரிடம் சொன்னேன். "நூறு நாள் முடியட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட போலாம்" என்றார். மலைப்பாதையில் குலுக்கல் தாங்கவில்லை, இரண்டு நாள் ஒரே இடத்தில் நிற்கலாம் என்று கெஞ்சினேன். நின்றால் பார்ப்பவர்கள் வேறு சேனலுக்குப் போய்விடுவார்களாம்.

திங்கட்கிழமை காலை, எழுபத்தோராவது நாள், மாவு உருட்டும்போதே ரத்தம் போக ஆரம்பித்தது. "ஆஸ்பத்திரிக்குப் போலாங்க" என்றேன். அவர் சன்னல் வழியே வெயிலைப் பார்த்தார். "இந்த வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கும். ரொட்டிய எடுத்துட்டுப் போலாம்" என்றார். நான் சுட்டேன் அக்கா. துணி மடித்து வைத்துக்கொண்டு சுட்டேன். நிற்க முடியாமல் உட்கார்ந்து வெட்டினேன். "இன்னிக்கு மேடத்துக்குச் சோம்பேறித்தனம்" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார். நீ அன்றைக்குப் போனில் "என்னடி, மகாராணி மாதிரி உக்காந்துட்ட?" என்று கேட்டாய். ஸ்பீக்கரில் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த நாள் எழுபத்திரண்டாவது ரொட்டி.

இனி என்னால் முடியாது. பிப்ரவரி 27 அன்று ஒகேனக்கல் வருகிறோம். பதினொரு மணிக்கு அவர் பரிசலில் படம் எடுக்கப் போவார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டி நிற்கும், நான் மாவோடு தனியாக இருப்பேன். நீயும் மாமாவும் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு மட்டும் தெரியக் கூடாது. பதிலை மைசூர் தலைமை அஞ்சலகத்துக்கு எழுது.

உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

கனி

*

பாப்பிரெட்டிப்பட்டி
18 பிப்ரவரி 2025

கண்ணு கனி,

படித்துவிட்டு அழுதேன். கட்டாயம் வருகிறோம், மாமாவும் வருகிறார். துணிமணியை ஒரு பையில் எடுத்து வைத்துக்கொள். அதுவரை முகத்தில் எதையும் காட்டாதே.

தைரியமாக இரு. அக்கா இருக்கிறேன்.

நிர்மலா

*

ஒகேனக்கல்
1 மார்ச் 2025

அன்பிற்கினிய நிர்மலா அக்கா அவர்களுக்கு,

தாங்களும் மாமாவும் ஒகேனக்கல் வந்து எங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி. முன்பு நான் எழுதிய கடிதங்கள் உடல்நலக் குறைவாலும் மனக்குழப்பத்தாலும் எழுதப்பட்டவை. அவற்றில் உள்ளவை உண்மையல்ல. என் கணவர் என்னைக் கண்ணின் மணியாகப் பார்த்துக்கொள்கிறார். என் கவனக்குறைவால்தான் கையில் சூடு பட்டது. தங்களை வருத்தப்பட வைத்ததற்கு மன்னிக்கவும்.

நூறாவது நாள் ரொட்டியை நம் கடை வாசலில் சுடுவோம்.

இப்படிக்கு,
கனிமொழி அருண்குமார்

அக்கா, வணக்கம். எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். சரியான நேரத்தில் எனக்குப் போன் செய்து சொன்னதற்கும், அவள் எழுதியவற்றைக் கையோடு கொண்டுவந்து கொடுத்ததற்கும் நன்றி. இனி நான் பார்த்துக்கொள்கிறேன். – அருண்

*

பாப்பிரெட்டிப்பட்டி
4 மார்ச் 2025

என் தங்கமே,

கடிதம் கிடைத்தது. இப்போதுதான் எனக்குச் சோறு இறங்குகிறது. என் தங்கை இப்படித்தான் எழுதுவாள் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையிடம் சொன்னதற்கு என்மேல் வருத்தம் வைக்காதே. குடும்பம் உடையாமல் இருக்கத்தான் சொன்னேன். பிள்ளை இன்னொன்று வரும்.

11ஆம் தேதிக்குப் பந்தல் சொல்லியாகிவிட்டது. கடை வாசலில் உன் படம் போட்ட பெரிய பேனர். பச்சைப் பட்டுப் புடவை கட்டிக்கொள், முழுக்கை ரவிக்கையோடு.

அன்பு அக்கா,
நிர்மலா

*

24 மார்ச் 2025

நிர்மலாதேவிக்கு,

நீ மூன்று பேர் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டாய். உன் கடைக்கு நாய்கூட வருவதில்லை, உன் வயிற்றில் நான் அடித்துவிட்டேன், கூடப் பிறந்தவள் செய்யும் வேலையா இது என்று. அதற்குப் பதில்.

ஒகேனக்கல்லில் வண்டிக் கதவைத் திறந்தபோது பையை எடுத்து வைத்திருந்தேன். நீ கையில் கேக்கோடு நின்றாய். உனக்குப் பின்னால் அவர் கேமராவோடு நின்றார். "அக்கா தங்கச்சி சர்ப்ரைஸ்" என்றார். நீ என்னைக் கட்டிப்பிடித்துக் காதில் சொன்னாய்: "நூறாவது நாள நம்ம கடையில எடுக்கறேன்னு இருக்காரு. அதுவரைக்கும் பொறுத்துக்க கண்ணு." பக்கத்து மீன் கடைக்காரம்மா என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். முன்பின் தெரியாத அவளுக்குப் புரிந்தது.

நீங்கள் போன பிறகு அவர் வண்டிக் கதவைச் சாத்தினார். என் கடிதங்களை எடுத்தார். நான் மாவு பிசைய, வரி வரியாக எனக்கே வாசித்துக் காட்டினார். ரத்தம் போனதை எழுதிய இடத்தில் நிறுத்தி, சிவப்புப் பேனாவால் ஒற்றுப் பிழை திருத்தினார். வாசித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பிறகு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுதினேன். அதைப் படித்துத்தான் உனக்குச் சோறு இறங்கியது.

நூறாவது நாள் உன் பந்தலில் நேரலை ஓடியது. அவர் மைக்கை என்னிடம் நீட்டி, "நூறு நாள் எப்படி இருந்துச்சு, சொல்லுங்க கனி" என்றார். ரவிக்கைக் கையைக் கிழித்துக் காட்டினேன். எழுபத்தோராவது நாளைச் சொன்னேன். "இதையெல்லாம் எங்கக்காவுக்கு எழுதுனேங்க. அவங்க அதை இவருகிட்டயே குடுத்துட்டாங்க" என்றேன். அவர் தன் கேமராவை அணைத்துவிட்டார். ஆனால் கூட்டத்தில் எல்லோர் கையிலும் போன் இருந்தது. நீ ஓடிவந்து என் வாயைப் பொத்தினாய். அதுவும் பதிவாகியிருக்கிறது. அவர்கூட உன்னைப் பொத்தச் சொல்லவில்லை, நீயாகத்தான் பொத்தினாய்.

கூட்டத்திலிருந்த ஒரு பெண்தான் என்னை ஸ்கூட்டியில் ஏற்றி மகளிர் காவல் நிலையத்தில் விட்டார். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

நேற்று நீ, போலீஸ் என்னைத் தங்கவைத்திருக்கும் இந்த மகளிர் விடுதி வாசலில் வந்து நின்றாய். "அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்று காவலாளியைச் சொல்லச் சொன்னது நான்தான். வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாய். நடுவில் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துவிட்டாய். மாடியிலிருந்து பார்த்தேன். தண்ணீர் கொடுக்கட்டுமா என்று காவலாளி கேட்டார். வேண்டாம் என்றேன்.

அவர் மேல் போட்ட வழக்கில் உன்னைச் சாட்சியாகச் சேர்த்திருக்கிறார்கள். நான்தான் சேர்க்கச் சொன்னேன். என் கடிதங்கள் உன் கைக்கு வந்ததையும் உன் கையிலிருந்து போனதையும் நீயே கூண்டில் நின்று சொல்ல வேண்டும். மாமா உன் பக்கத்தில் நிற்பார் என்று நினைக்காதே. 'எல்லாம் அவ செஞ்சதுங்க, எனக்குத் தெரியாது' என்று போன வாரமே போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். நீ இன்னும் அவரோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறாய், அதனால் தெரிந்துகொள்.

உன் கடிதங்களையும் நான் பத்திரமாக வைத்திருந்தேன். 'அனுசரித்துப் போ', 'பிள்ளை இன்னொன்று வரும்', எல்லாமே இன்ஸ்பெக்டரிடம் இருக்கின்றன.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் அதையும் கொடுத்துவிடுவேன்.

கனிமொழி