ஐம்பதில் எட்டு, நூற்றில் எட்டு

12 ஜூன் 1978

குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசி போடும் எங்கள் டிரஸ்டில் கணக்கு என் பொறுப்பு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஜோதியம்மாள் ஊசி போட்ட நூறு குழந்தைகளில் எட்டுப் பேருக்குச் சீழ்க்கட்டி. அடி அண்ணாமலைப் பக்கம் தனம் போட்ட ஐம்பது பேரில் எட்டு. டாக்டர் சக்கரபாணி பார்த்ததும், "ரெண்டு மடங்கு ஜாஸ்தி. தனத்தை நிறுத்திடலாம்" என்றார்.

"ஒரு நாள் டைம் குடுங்க சார்" என்றேன்.

13 ஜூன்

இரண்டு மடங்குதான், மறுக்கவில்லை. நடந்ததை மட்டும் சொல்வதென்றால் எண்ணினாலே போதும். ஆனால் நாளைக்கு அவளிடம் வரும் குழந்தைக்கும் ஆபத்து அதிகம் என்று முடிவுகட்டி ஒருத்தியின் பிழைப்பில் கைவைப்பதானால், இந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதா என்று சோதித்தே ஆகவேண்டும். சோதித்தேன். இருவர் கையும் ஒன்றேயானாலும், இவ்வளவு கொஞ்சம் பேரை எண்ணினால், ஏழெட்டுத் தடவையில் ஒரு தடவை இப்படி வரும்.

"அப்ப தனம் மேல தப்பு இல்லன்றியா ரேணுகாம்பா?"

"அப்படியும் சொல்லல சார். இன்னும் தெரியலன்னு சொல்றேன். நெறைய பேரை எண்ணணும்."

முறைத்தார். இருவரையும் கவனமாக இருக்கச் சொல்லிவிட்டு ஒத்துக்கொண்டார்.

14 ஜூன்

பஸ் ஸ்டாண்டில் தனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லன்னா வேல போயிருக்கும்க்கா." பெருமையாகத்தான் இருந்தது.

9 அக்டோபர்

இருவருக்கும் தலா இருநூறு குழந்தைகள் ஆயிற்று. ஜோதியம்மாளிடம் பதினாறு கட்டி. தனத்திடம் முப்பது. அதே சோதனைக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். மறுபடியும். முப்பது தடவையில் ஒரு தடவைகூட இப்படித் தற்செயலாக வராது.

மறைக்கலாமா? சீ, என்ன கேள்வி இது. அன்னிக்கு அவள காப்பாத்தினதும் இதே கணக்குதானே.

10 அக்டோபர்

சொல்லிவிட்டேன். தனம் எல்லார் முன்னாலும் அழுதாள். "அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க."

டாக்டரிடம் திரும்பினேன். "வித்தியாசம் நெசம் சார். ஆனா காரணம் அவ கைதான்னு டெஸ்ட் சொல்லல. நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

12 அக்டோபர்

தனத்தோடு ஊர் ஊராக நடந்தேன். முகம் கொடுத்துப் பேசவில்லை அவள். ஜோதியம்மாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து போடுகிறாள், பக்கத்திலேயே ஸ்டவ். தனத்துக்கோ எல்லாம் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஊர்கள். காலையில் கொதிக்க வைத்து எடுத்துப்போகும் ஊசிகள் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகின்றன. பிறகு ஸ்பிரிட்டில் துடைத்து அதே ஊசி!

"ஏன்டி, இத சொல்லக் கூடாதா?" – கத்திவிட்டேன்.

"வெயில்ல கொழந்தைய தூக்கினு வந்து நிக்கிறாங்க, திருப்பி அனுப்பட்டுமா? யாரு கேட்டீங்க எங்கிட்ட?"

யாரும் கேட்கவில்லை. நானும்தான். எண்ணிக்கொண்டிருந்தேன்.

13 அக்டோபர்

தனத்துக்குக் கையோடு கொண்டுபோக ஒரு ஸ்டவ், கூடுதலாக இரண்டு டஜன் ஊசி. டாக்டர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

20 பிப்ரவரி 1979

புதிதாக நூறு நூறு குழந்தைகள். தனம் ஏழு, ஜோதியம்மாள் எட்டு.

"டெஸ்ட் போடலியா?" டாக்டருக்குக் கிண்டல்.

"ஒரு கொழந்த வித்தியாசத்துக்கா சார்?"

ஆனால் இரண்டுமே அதிகம்தான். அடுத்து அதைக் குறைக்க வேண்டும்.

5 மார்ச் 1981

என் பாப்பாவுக்கு முதல் ஊசி. மாமியார் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரி போதும் என்றார். நான் அடி அண்ணாமலைக்குப் பஸ் ஏறினேன்.

தனம் திகைத்துப் போனாள். "டவுன்ல இத்தினி ஆஸ்பத்திரி இருக்கச் சொல்ல, இவ்ளோ தூரமாக்கா?"

பாப்பாவை அவள் மடியில் கொடுத்தேன்.