எட்டுச்செலவில் வெந்த விதைக்காய்

என் ஆசை ஐயாவுக்கு,

நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது. தோட்டத்துச் செய்தியை முதலில் சொல்லாவிட்டால் மற்றது எதையும் காதில் போட மாட்டீர்கள் என்று தெரியும். இந்த முறை மாரி நல்ல மாரி. வேலியில் தூதுவளை ஏறிக் கிடக்கிறது. ஊரில் இருமுகிறவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். யுத்தத்தால் கூப்பனுக்குத் தரும் பங்கீட்டு அரிசி பாதி நாளைக்கும் காணாது, நீங்கள் நட்ட மரவள்ளிதான் எங்களைத் தாங்கியது.

கத்தரியைப் பற்றிச் சொல்லத்தான் பயமாக இருக்கிறது.

நீங்கள் போன எட்டாம் நாள், உங்கள் எட்டுச்செலவன்று, உங்களுக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டுமே. சந்தைக் கத்தரிக்காயை அம்மா தொடவில்லை. "அந்த மனிசனுக்கு அவர் நட்ட கத்தரிக்காயைத்தான் கறி வைப்பன்" என்று அழுத கண்ணோடு தோட்டத்துக்குப் போனார். பங்குனிக் கடைசி. மிச்சம் நின்றவை மூன்றே மூன்று காய்கள், விதைக்கென்று நீங்கள் துணி கட்டி விட்டவை. அம்மா துணியையும் கவனிக்காமல் ஆய்ந்து வந்து குழம்பு வைத்துவிட்டார்.

படைத்து முடித்துச் சாப்பிட இருந்தபோதுதான் என் பல்லில் நறுக்கென்றது. "அம்மா, இது விதைக்காயெல்லோ!" என்று கத்திவிட்டேன். செத்தவீட்டில் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது ஐயா. அம்மா அகப்பையைச் சட்டிக்குள் விட்டுக் கிளறிப் பார்த்தார்.

"ஐயோ, அவரின்ரை கடைசி விதையையும் நான் அவிச்சுப்போட்டனே!"

அதன் பிறகு அம்மா தோட்டத்துக்குள் இறங்கவேயில்லை. ஆடிக் காற்றில் பாகல் பந்தல் சரிந்தது, எட்டியும் பார்க்கவில்லை. ஆவணியில் சந்தையிலிருந்து கத்தரி விதை வாங்கிக் கொண்டு போனேன். "உந்த விதையை எனக்குக் காட்டாதை" என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சாப்பாடும் குறைந்துகொண்டே வந்தது. அம்மாவையும் இழந்துவிடுவேனோ என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

அந்த விதை இருக்கக்கூடிய மற்ற வீடு எதென்று உங்களுக்குத் தெரியும். பங்குக் கிணற்றுத் தண்ணீர் முறைக்காகச் சண்டை பிடித்துப் பதினொரு வருடம் நீங்கள் முகம் பாராத உங்கள் தம்பி வீடு. "அவன்ரை படலையை என்ரை பிள்ளையள் ஆரும் திறக்கப்படாது" என்றீர்களே. செத்தவீட்டன்றும் சின்னையா வெளியே ஒழுங்கையில்தான் நின்றார். நாங்களும் உள்ளே கூப்பிடவில்லை.

நான் திறந்தேன் ஐயா.

சின்னையா புடோலங்காய் நேராக நீளக் கல்லுக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டு பதறிப் போய், "பிள்ளை, நீ இஞ்சை வந்தது அண்ணைக்குத் தெரியுமே?" என்றார். சொன்ன வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். இரண்டு பேரும் அழுதோம்.

நடந்ததைச் சொன்னேன். அடுப்புக்கு மேலே தொங்கிய முடிச்சை அவிழ்த்து வந்தார். சாம்பல் பிரட்டிய விதை. "சண்டைக்கு முந்தி அண்ணை தந்தது. ஒரு வருசமும் விடாமல் போட்டுக்கொண்டு வாறன். நாத்துமேடையை நான் வந்து போட்டுத் தரட்டே?"

"வாங்கோ சின்னையா" என்றேன்.

புரட்டாதியில் வந்து மேடை போட்டார். ஐப்பசியில் நாற்றைப் பிடுங்கி நட்டார். அம்மா மூன்று நாள் யன்னலால் பார்த்தார். நாலாம் நாள் இறங்கி வந்து, "உப்பிடிக் கிட்டக் கிட்ட நட்டால் காய்க்குமே?" என்று அவரோடு சண்டைக்கு நின்றார். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம்! இப்போது தை மாதம். அம்மாதான் கடகத்தோடு போய்க் கத்தரிக்காய் ஆய்கிறார்.

ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. ஒவ்வொரு வருடமும் முதல் காயை எங்கள் படலை வரைக்கும் கொண்டு வந்து திரும்பிப் போவாராம் சின்னையா. "அண்ணை ஏசினால் பறவாயில்லை, பிள்ளை. ஒண்டும் கதையாமல் இருந்திட்டாரெண்டால்?" என்கிறார். நீங்களும் வேலி இடுக்குக்குள்ளால் அவர் தோட்டத்தை எட்டிப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். எதைப் பார்த்தீர்கள் ஐயா? கத்தரியையா, அவரையா? நீங்கள் இருக்கும்போதே உங்கள் சொல்லை நான் மீறியிருக்க வேண்டும்.

வருகிற பங்குனியில், ஒரு வருடம் நிறையும் ஆட்டைத் திவசத்தன்று, உங்களுக்குப் படைத்த பிறகு முதல் இலை சின்னையாவுக்குத்தான் போடுவேன். இது சத்தியம். கோபமென்றால் கனவில் வந்து என்னை ஏசுங்கள். அப்படியே அவருடைய கனவிலும் போய் நன்றாக ஏசிவிட்டுப் போங்கள். உங்கள் குரலைக் கேட்காமல் ஏங்கிப் போயிருக்கிறார்.

உங்கள் சொல் கேளாத மூத்த மகள்,
இராசம்மா