பிக்கப்பில் காய்ந்த சந்தனம்

என் பிரியத்துக்குரிய வேலு மாப்ள,

நேற்று உனக்கு முதல் வருஷத் திவசம். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. நீ இருந்தவரைக்கும் உன் கிட்டாரை ஏறெடுத்தும் பார்க்காத உன் அப்பா, அதைச் சுவரிலிருந்து இறக்கி உன் போட்டோவுக்குப் பக்கத்தில் சாய்த்து, மாலை போட்டிருந்தார். ஆயுத பூஜைக்கு டிராக்டருக்கு வைப்பாரே, அதே மாதிரி இரண்டு பிக்கப்புக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். கம்பியின் அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற காந்தம் அது, அதில் ஈரம் படக் கூடாது என்று வந்தவர்களில் எவனுக்குத் தெரியும்? நீ மட்டும் பார்த்திருந்தால் அங்கேயே ஒரு கொலை விழுந்திருக்கும்.

"எம்மவன் எவ்வளவு பெரிய கலைஞன் தெரியுங்களா" என்று வாசலுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் நாயுடுபுரம் வீட்டுப் பின்னறையில், பூண்டு மூட்டைகளுக்கு நடுவே நாம் வாசித்த இத்தனை வருஷத்தில் ஒரு பாட்டாவது முடிந்திருக்கிறதா? நீ தனியாக லீட் எடுத்து வாசிக்கிற இடம் வந்ததும் பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிடுவார். "காட்டுல களை எடுக்கிற சோலி கெடக்கு, இவன் கம்பியச் சொரண்டிக்கிட்டுக் கெடக்கான்" என்று இருட்டுக்குள் குரல் மட்டும் வரும்.

அதே மனுஷர்தான், பெருமாள்மலை வளைவில் உன் பைக் சறுக்கிய பிறகு, அந்தக் கிட்டாரை முன்னறைச் சுவரில் மாட்டி யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டார். கொடைக்கானல் ஈரத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? மழைக்கு முன்னால் ஒரு தடவை, வெயில் திரும்பியதும் ஒரு தடவை, ஆலன் கீ என்கிற அந்த ஆறுபட்டைச் சாவியை விட்டுக் கால் சுற்று திருப்பி, ஈரத்தில் வளைந்த அதன் கழுத்தை நிமிர்த்துவாய். "மலையில கிட்டார் வச்சிருக்கிறதும் வீட்டுல ஆஸ்துமாக்காரர வச்சிருக்கிறதும் ஒண்ணுதான் மச்சான்" என்பாய்.

போன மழைக்கு முன்னால் உன் அப்பாவிடம் போய்க் கெஞ்சினேன். "அப்பா, கம்பியத் தளத்திட்டுக் கழுத்த மட்டும் நிமித்தி வச்சிடறேன். இல்லேன்னா வீணாப் போயிருங்க."

"அவன் கையால முறுக்கின முறுக்கு. அது அப்பிடியே கெடக்கட்டும்" என்றார்.

நேற்றுச் சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டார். "ஏலே அந்தோணி, அவன் கிட்டார எடுத்து அவன் வாசிக்கிறத ஒண்ணு வாசி. எல்லாரும் கேக்கட்டும்." டியூன் பண்ணிக்கொள்கிறேன் என்று முறுக்காணியில் கை வைத்தேன். "அதத் தொடாத" என்றார். அழுதிருந்த கண்கள். அப்படியே ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன்.

நீ போட்ட மெட்டைத்தான் வாசித்தேன், மாப்ள. கழுத்து வளைந்து, கம்பி துருப்பிடித்து, ஆறு கம்பியும் ஆறு ஊருக்குப் போனது. பிக்கப்பில் காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக என் பேண்ட்டில் உதிர்ந்தது. உன் சித்தப்பா சிரித்தே விட்டார். "இதுக்குத்தானா காட்டுச் சோலிய விட்டுட்டுக் கெடந்தான்?"

உன் அப்பா எழுந்து போய் பியூஸ் கட்டையைப் பிடுங்கினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று நடந்ததிலேயே நீ இருந்த காலத்து மாதிரி நடந்தது அது ஒன்றுதான். ஆனால் அவர் கட்டையைக் கையில் பிடித்தபடி என் பக்கத்தில் வந்து நின்றார். யாருக்கும் கேட்காத குரலில், "அவன் இப்பிடித்தான் வாசிப்பானா? நான் ஒருநாளும் முழுசாக் கேட்டதில்லையேப்பா" என்றார்.

இல்லை, நீ எவ்வளவு நன்றாக வாசிப்பாய் என்று சொன்னேன். சொன்னால் காதில் விழுமா? வாசிப்பு காதால் கேட்க வேண்டிய சத்தம் இல்லையா? அவருக்குக் கேட்கக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

இங்கேதான் உன்மேல் கோபம் வருகிறது. நீயும் ஒன்றும் லேசுப்பட்டவன் இல்லை. ரெக்கார்ட் பண்ணலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் "டோன் இன்னும் சரியா வரல மச்சான்" என்றாய். பிக்கப்பை மாற்றினாய், காலால் மிதித்து ஒலியை மாற்றுகிற பெடலை மாற்றினாய், கம்பியின் கனத்தை மாற்றினாய். போனில் எடுத்தால் டோன் கெட்டுப்போகும் என்று என் கையிலிருந்து போனையே பிடுங்கி வைத்தாய். வராத டோனுக்காகக் காத்திருந்து, வந்துகொண்டிருந்த வாசிப்பையும் உன்னோடு கொண்டுபோய்விட்டாய். இப்போது உன் அப்பாவின் காதில் உன் பெயருக்கு இருப்பது நான் நேற்று எழுப்பிய அந்த நாராசம் மட்டும். உனக்கு இது திருப்தியா?

ஒன்று மட்டும் சொல்கிறேன், வேலு. அந்தக் கிட்டாரை அவர் சுவரிலேயே வைத்துக்கொள்ளட்டும். வளைந்தே சாகட்டும், இனிமேல் நான் கெஞ்சப்போவதில்லை. நீ என்னிடம் விட்டுப்போன ஆலன் கீயால் என் கிட்டாரை உன்னுடையது மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறேன். அதே கம்பி, கழுத்துக்கு மேல் கம்பிக்கு அதே உயரம். உன் மெட்டையும் தினமும் வாசிக்கிறேன். உன்னை மாதிரி வராது, தெரியும். வந்த அளவுக்கு வரட்டும், உன்னைப் போல நான் காத்திருக்க மாட்டேன்.

அடுத்த திவசத்துக்கு பேட்டரியில் ஓடுகிற ஆம்ப்ளிஃபயரோடு வருகிறேன். பியூஸ் கட்டை அவர் கையிலேயே இருக்கட்டும். கடைசி வரைக்கும் கேட்க வைக்கிறேன்.

உன் மச்சான்,
அந்தோணி