பாலத்துக்கு இந்தப் பக்கம் ஐந்து நாள்

மாரியம்மன் கோவில் மண்டபம்,
பழைய தோட்டம், சுங்காய்.
சனிக்கிழமை, ஆகஸ்டு 2

அன்பு மகன் தீபனுக்கு அப்பா எழுதுவது. இங்கே என் பொறுமையையும், ஈப்போவில் உன் அம்மாவின் வலது முட்டியையும் தவிர மற்றெல்லாம் நலம். டப்ளினில் நீயும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன், நான்கு மாதமாக நம் வீட்டு அழைப்பை நீ எடுக்காததால் வேறு வழியில்லை. அப்பா எதற்காகத் தாளில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். இந்தத் தோட்டத்துக்குள் கைபேசிக்கு லைன் கிடையாது, ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால்தான் கிடைக்கும். நான் பாலத்தைத் தாண்டக் கூடாது. என் கையில் காப்புக் கட்டிவிட்டார்கள்.

புதன்கிழமை ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. முட்டி அறுவைக்குப் பிறகு அம்மாவால் வர முடியவில்லை, பாலையும் மஞ்சளையும் என்னிடம் கொடுத்து, கோவிலில் வைத்துவிட்டு யாரோடும் பேசாமல் திரும்பிவிடுங்கள் என்றாள். ஒன்பது வருடமாக இந்த வாசலை மிதிக்காதவன் நான். அம்மாவுக்காக வந்தேன். பூசாரி சன்னாசி பாலை வாங்கி வைத்தார், வைத்த கையோடு என் மணிக்கட்டைப் பிடித்தார். "தீபன் பேருல தீச்சட்டி இருக்கு தம்பி, நீ தூக்குறேன்னு ஒன் பொஞ்சாதி எழுதிக் குடுத்துருக்கு. கைய ஆட்டாம நில்லு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மஞ்சள் கயிறு முடிச்சு விழுந்துவிட்டது. கலாதேவியின் வேலை. முப்பத்தொரு வருடம் குடித்தனம் நடத்திய பிறகும் அவளை நான் குறைத்து எடை போட்டது என் தவறுதான்.

காப்புக் கட்டியவன் அதை அவிழ்க்கும்வரை தோட்ட எல்லையைத் தாண்டக் கூடாது, முகம் மழிக்கக் கூடாது என்பது உனக்குத் தெரிந்திருக்கும். லயங்களில், அந்த வரிசை வீடுகளில், ஆள் இருந்த காலத்தில் இது ஒரு சிரமமே இல்லை, அவரவர் வீட்டில் அவரவர் தூங்கினார்கள். இப்போது லயங்களை இடித்து எண்ணெய்ச் செம்பனை நட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது. காப்புக் கட்டிய ஆறு பேரும் மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் பாய் விரித்துக் கிடக்கிறோம். ஒரே வேட்டி, ஒரே சட்டை, துவைத்துத் துவைத்துக் கட்டுகிறேன். காலம் மாறிவிட்டதே, இந்த விதியை மாற்றலாம் என்று கோவில் நிர்வாகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமியின் மீசையை எடுக்க மட்டும் தோன்றியது. ஒன்பது வருடத்துக்கு முன் கும்பாபிஷேகத்தின்போது வாசலில் காவல் நின்ற முனியாண்டிக் கல்லை மூலையில் தள்ளிவிட்டு, இந்தியாவிலிருந்து மழமழவென்று ஒரு சிலையைத் தருவித்தார்களே, மீசையே இல்லாமல். அது முறையல்ல என்று கூட்டத்தில் எழுந்து ஆதாரத்தோடு பேசினேன். தலைவர் பழனியப்பன், என்னோடு ஒரே லயத்தில் வளர்ந்தவன், "வாத்தியாரு சாமி மீசைக்கு வாதாட வந்துட்டாரு, மொதல்ல ஒனக்கு ஒரு மீசை இருக்கா லா?" என்றான். நூறு பேர் சிரித்தார்கள். கடைசிவரை தலைமையாசிரியர் ஆக்காமலேயே என்னை வீட்டுக்கு அனுப்பியதைக்கூட மறந்தாலும் மறப்பேன், அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன். இப்போது அதே பழனியப்பன் எனக்குப் பக்கத்துப் பாயில் குறட்டை விடுகிறான். இன்னொன்றும் கேள். சன்னாசி தினமும் காலையில் அந்தச் சிலைக்கு மையால் மீசை வரைகிறார், அபிஷேகத்தில் அது அழிகிறது, மறுநாள் மறுபடி வரைகிறார். ஒன்பது வருடமாக இதுதான் நடக்கிறதாம். ஒருவனாவது என்னிடம் வந்து சொன்னானா?

வியாழக்கிழமை காலை போதும் என்று கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கார் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. பாலத்தில் பாதி தூரம் போனபோது எதிரே மோட்டார் சைக்கிளில் லியாகத் அலி வந்தார், சுங்காயில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அன்னதானத்துக்குக் காய்கறி தருவது அவர் அத்தா காலத்துப் பழக்கம். "என்ன சார், கையில கயிறு கெடக்கு, காலு இங்க நிக்குது? திரும்புங்க லா, ஏறுங்க" என்றார். ஏறினேன். ஆனால் அவர் சொன்னதற்காக நான் திரும்பவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஏப்ரலில் வந்திருந்தபோது, உன் பேரில் வேண்டிய தீச்சட்டியை எடுக்கச் சொன்ன அம்மாவைப் பார்த்து, நானா கேட்டேன் வேண்டிக்கொள்ளச் சொல்லி என்று கத்தினாய். நான் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். தீபன், வேண்டியது அம்மா இல்லை. பதினோரு வருடத்துக்கு முன் அந்த மோட்டார் விபத்துக்குப் பிறகு நீ கண் திறக்காமல் கிடந்த ஆறாம் நாள், மருத்துவமனையிலிருந்து நான் நேராக இங்கே வந்தேன். கோவில் பூட்டியிருந்தது. சன்னாசி வாசல் கூட்டிக்கொண்டிருந்தார், வெளியே அந்த முனியாண்டிக் கல் மட்டும் இருந்தது. பிள்ளை எழுந்துவிட்டால் அவன் பெயரில் அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று அந்தக் கல்லின் முன்னால் அழுதது நான். படித்தவன் இப்படிச் செய்தான் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டேன், அம்மா அதைத் தன் வேண்டுதலாக ஏற்றுக்கொண்டாள். அந்தக் கல்லை அவர்கள் மூலையில் தள்ளியபோது எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்பது இனி உனக்கு விளங்கும். முதல் இரண்டு வருடம் வெட்கத்தாலும், பிறகு ஒன்பது வருடம் அவர்கள்மேல் கோபம் என்று சொல்லியும் கடனைத் தீர்க்காமல் இருந்துவிட்டேன். நீ ஒருநாளும் சட்டி தூக்க வேண்டியதில்லை. வேண்டியவன் நான், நாளைக் காலை நானே தூக்குகிறேன். அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசிவிடு.

இன்று காலை பழனியப்பன் என் முகத்தை உற்றுப் பார்த்து, "பாத்தியா மச்சான், ஒனக்கும் மொளச்சிருச்சு" என்றான். நான் சிரிக்கவில்லை. அவன் நீட்டிய காப்பியை மட்டும் வாங்கிக் குடித்தேன். இந்தக் கடிதத்தை லியாகத் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் படமெடுத்து உனக்கு அனுப்புவார். அவர் படித்தால் படிக்கட்டும், இனி மறைக்க ஒன்றுமில்லை.

அம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். வேலைக்குச் சைக்கிளில் போகிறாயாம், தலைக்கவசம் இல்லாமல் ஏறாதே. நாளை நண்பகலில் காப்பை அவிழ்த்ததும் பாலத்தைத் தாண்டி முதலில் உன்னைத்தான் அழைப்பேன். அங்கே விடியற்காலை ஐந்து மணி இருக்கும். எடு.

உன் அப்பா,
க. தணிகைவேல்