இரண்டு லோடு

எதிர்வீட்டில் மாடிக்குக் கான்கிரீட் போடுகிறார்கள். ஈரச் சிமெண்டு வாசனை காலையிலிருந்து ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்கிறது. அந்த வாசனை வந்தாலே எனக்கு உன் ஞாபகம்தான். போட வேண்டிய இடத்தில் கான்கிரீட்டைப் போடாமல் விட்ட மகானுபாவன் நீ. உன்னைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, செத்தவரை ஏசாதீர்கள் என்கிறாள் என் மனைவி. இருந்தபோது ஏசியது மட்டும் உன் காதில் ஏறியதா என்ன?

எழுபதுகளின் கடைசியில் நம் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று கொடைக்கானலே பேசியது. பீரோ பீரோவாக நிற்கும் இயந்திரம். அதற்கு அறையைத் தயார் செய்வது கட்டடப் பிரிவு அதிகாரியான உன் பொறுப்பு. வயர் இழுப்பது என் பொறுப்பு. மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். அங்கேயும் தெரியாத கேள்விக்குத்தான் நீ முதலில் கை தூக்குவாய்.

மெட்ராஸ் கம்பெனிக்காரர் டிரங்காலில், "ஃப்ளோர் லோடு எவ்வளவு சார்?" என்று கேட்டார். நம்மூரில் லோடு என்றால் லாரி நடைதான். விறகு ஒரு லோடு, உருளைக்கிழங்கு ஒரு லோடு. நீ போனுக்குள் கத்தினாய்: "ரெண்டு லோடு சார்! தாராளமா ஏறும்!" இரண்டு டன் தாங்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"ஏலே, தரை எம்புட்டு வெயிட்டுத் தாங்கும்னு கேக்குறாரு" என்றேன். போனின் வாயைப் பொத்திக்கொண்டு, "ஒன் சோலியப் பாரு. எனக்குத் தெரியாததா?" என்றாய். திரும்பக் கூப்பிட்டுத் திருத்தினால் மானம் போய்விடும் உனக்கு.

அறை என்று நீ தேர்ந்தெடுத்தது வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாவின் ஹாலை. பலகைத் தரை, அடியில் வெறும் பள்ளம். ஆனால் ஜன்னலில் ஏரி தெரியும், மந்திரி ரிப்பன் வெட்டினால் போட்டோ நன்றாக விழும். பலகையைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் போடு என்று கரடியாய்க் கத்தினேன். நீ சிவப்புக் கம்பளம் வாங்கி விரித்தாய்.

இயந்திரம் வந்த அன்று லோடுமேன்கள் இரும்புக் குழாய்களின் மேல் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். "வெரசாத் தள்ளுங்கடா, டைரக்டர் வர்ற நேரம்" என்று விரட்டியது நீ. ஹாலின் நடுவில் பலகை முறிந்தது. பெட்டி ஒரு பக்கமாக இறங்கி, பள்ளங்கி கிராமத்திலிருந்து வந்த லோடுமேன் சேசுவின் காலை நசுக்கியது. அவன் அலறுகிறான். நீயோ "மெஷினுக்கு என்னாச்சு, மெஷினுக்கு என்னாச்சு" என்று பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தாய்.

லோடுமேன்கள் அவசரப்பட்டுத் தள்ளிவிட்டார்கள் என்று விசாரணையில் சொன்னாய். தரைதான் காரணம் என்று நான் சொன்னதை, உன் மேல் எனக்குப் பொறாமை என்று விசாரித்தவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். பிறகு கான்கிரீட்டில் புது அறை எழும்பியது. வாசல் கல்வெட்டில் உன் பெயர், தூ! சேசு காலை இழுத்துக்கொண்டு ஏரிக்கரையில் பேரிக்காய் விற்றான். மனசுக்குள் உன்னைச் சபித்துக்கொண்டிருப்பான் என்றே நான் நினைத்திருந்தேன்.

உன் அடக்கத்துக்கு அவனும் வந்தான். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்து, "ஐயாவுக்குப் பெரிய மனசுங்க. ஆசுபத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வந்தாரு. 'நீ வெரசாத் தள்ளித்தான் மெஷினு போச்சு, போகட்டும், மன்னிச்சுட்டேன்'னு சொன்னாருங்க" என்று கண்ணைத் துடைத்தான்.

மன்னித்தாயாம்! அவன் காலை ஒடித்துவிட்டு அவனையே மன்னித்துவிட்டு வந்திருக்கிறாய். அற்பப் பதரே, நீ கோழை என்று தெரியும், இவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியாது.

அங்கேயே, உன் குழிமண் காயும் முன்னே, அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேசு உன் சிலுவையையே பார்த்துக்கொண்டு நின்றான். உன்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அப்ப அது என் தப்பு இல்லைங்களா?" என்று மட்டும் கேட்டான்.

இல்லை என்றேன். நேற்று ஏரிக்கரையில் என்னைக் கண்டதும் கையூன்றி எழுந்து நின்று மறுபடியும் அதையே கேட்டான். நாளையும் கேட்பான். நீ செத்துத் தப்பித்துவிட்டாய். அவன் நம்பும்வரை இனி நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.