நீல பல்பு

இண்டூர்,
ஞாயிறு.

அன்புள்ள கோகிலாவுக்கு, அண்ணி ரேவதி எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. சாப்பிடுகிறோம், தூங்குகிறோம்.

போனில் பேசினால் உன் அண்ணன் பக்கத்திலேயே காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காகிதத்தில் எழுதினால் அவருக்குத் தெரியாது. அவருக்குக் கண் தெரியாததும் எனக்கு ஒரு சௌகரியமாகிவிட்டது பார்.

மழை இல்லை. தக்காளிச் செடி வாடிவிட்டது. உன் அம்மாவுக்கு முட்டிவலி. 'செல்' என்று நீ சொன்னதிலிருந்து, கதவை அரிக்கிற செல்லுதான் மகன் கண்ணையும் அரித்துவிட்டது என்று புலம்பிக்கொண்டிருக்கிறார்.

நீ போனில் அனுப்பிய அந்த வீடியோவைப் பற்றித்தான் எழுத வந்தேன். உன் அண்ணன் ரத்தத்திலிருந்து உங்கள் ஆய்வகத்தில் வளர்த்த நரம்பு செல், அதற்குள் பாசியிலிருந்து எடுத்த புரதம், நீல வெளிச்சம் பட்டால் விழிக்கும், விழித்தால் பச்சையாக மின்னும் என்றாய். "அண்ணா, உன் செல்லு வெளிச்சத்துக்குப் பதில் சொல்லுது" என்று போனிலேயே அழுதாய். சந்தோஷத்தில் சொன்னாய், தெரியும். அவரோ தன் கண்தான் பதில் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாளே முருகேஷ் கடையில் நீல ஜீரோ வாட் பல்பு வாங்கி வரச் சொன்னார். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அதற்கு நேராக முகத்தை வைத்து ஒரு மணி நேரம் உட்காருகிறார். செல்லுக்குப் பழக்கம் பண்ணுகிறாராம். மூன்று மாதம் ஆகிறது.

அது தட்டில் வளர்த்த செல் மட்டும்தான், அண்ணன் கண்ணில் நரம்பே செத்துவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அப்புறம் என்னிடம் தனியாகச் சொன்னாய். அதை அவரிடம் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டாய். உன் மேல் எனக்குக் கோபம்தான், கோகிலா. பெங்களூரு என்ன கண்காணாத தேசமா? பொங்கலுக்கும் நீ வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பல்பு ப்யூஸ் போய்விட்டது. நான் சொல்வதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ரேவதி, இன்னிக்கு லேசா நீலமா தெரியுது புள்ள" என்றார். ஆமாங்க என்றேன். வேறு என்ன சொல்வேன்?

புது பல்பு வாங்கி வைத்திருக்கிறேன், மாட்டத்தான் மனசு வரவில்லை. ஐந்து நாளாக எரியாத பல்புக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு.

ஒரு தடவை வந்துவிட்டுப் போ கண்ணு. என்னால் சொல்ல முடியாது. நீயும் சொல்ல முடியாமல் போனால், வந்து அவர் பக்கத்தில் உட்காரு, போதும்.

உன் கண்ணுக்கு ஒன்றும் வராமல் தீர்த்தமலை சாமி பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி
ரேவதி